உடனடித் தேவை: தேனீக் கூடு, பன்னிரண்டு

சிங்காநல்லூர்ப் பக்கம் பம்புசெட் செய்யும் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் பதினோரு வருடங்களாக வேலை பார்க்கிறேன். சீருடை, கேண்டீன் டோக்கன், தண்ணீர் லாரி என்று எந்தப் பிரிவிலும் சேராத வேலைகளெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். எங்கள் கம்பெனிக்கு அந்தச் சாஃப்ட்வேர் வந்தபோது அதுவும் எந்தப் பிரிவிலும் சேரவில்லை. அதனால் என் மேஜைக்கு வந்தது.

அது வந்த கதை இப்படி. எங்கள் முதலாளி ஒருநாள் நண்பர் ஒருவரோடு ஓட்டலில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நண்பர் நூல் மில் நடத்துகிறவர். பாதித் தோசையில் நண்பரின் போன் சத்தம் போட்டது. அவர் இடது கைக் கட்டை விரலால் திரையில் பச்சைப் பொத்தான் ஒன்றை அமுக்கிவிட்டு, "இன்னொரு கரண்டி சட்னி வையுங்க" என்றாராம். என்ன அது என்று எங்கள் முதலாளி கேட்டதற்கு, "மில்லுக்கு ஒரு மிஷின் வாங்க அப்ரூவல் குடுத்தேனுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

எங்கள் முதலாளிக்கு அதற்குப் பிறகு தோசை இறங்கவில்லை. அவர் அதுவரை ஒரு அப்ரூவல் கொடுக்க வேண்டுமென்றால் ஃபைல் வர வேண்டும், கண்ணாடி வர வேண்டும், எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்ட ஓர் ஆள் வர வேண்டும். சட்னியோடு அப்ரூவல் கொடுக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த மாதமே எங்களுக்கும் சாஃப்ட்வேர் வந்துவிட்டது.

பயிற்சி கொடுக்க அந்தச் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். இரண்டு நாள் பேசினார். "இனிமேல் காகிதம் நகராது, வேலை மட்டும்தான் நகரும்" என்று அவர் சொன்னது எல்லோருக்கும் பிடித்திருந்தது. முடிவில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நான்தான் கையைத் தூக்கி, "ஏசியைக் கொஞ்சம் கொறைக்கலாங்களா?" என்றேன். இரண்டு நாளில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். அதனால் ஆர்வம் உள்ளவள் என்று என் பெயரைக் குறித்துக்கொண்டு, என்னைப் படிவப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள்.

படிவப் பொறுப்பாளர் என்றால், யார் என்ன கேட்டாலும் அதற்கான படிவத்தைக் கம்ப்யூட்டரில் நான் உருவாக்க வேண்டும். அது யாரிடமிருந்து யாருக்குப் போக வேண்டும் என்ற பாதையையும் நான்தான் போட வேண்டும். வெள்ளிக்கிழமை பூஜை போட்டுத் தொடங்கிவிட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் என்னால் இரண்டே படிவங்களைத்தான் முடிக்க முடிந்தது. ஒன்று விடுப்பு விண்ணப்பம். இன்னொன்று தேவை விண்ணப்பம். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தைக் கீபோர்டு மேலேயே வைத்து, தொடங்கிவிட்டோம்.

ஆக, எங்கள் கம்பெனியில் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டியிருந்தாலும் அது ஒன்று விடுப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொருளாக இருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே சிக்கல் வந்தது. வெல்டிங் பிரிவில் ஒரு மின்விசிறி ஓடவில்லை. அதைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்ப அங்கிருந்தவர் எந்தப் படிவத்தில் எழுதுவது என்று யோசித்து, விடுப்புப் படிவத்தில் எழுதினார். விண்ணப்பிப்பவர்: மின்விசிறி. நாள்: மூன்று. காரணம்: உடல்நலக் குறைவு. எங்கள் பொது மேலாளர் அதற்கு மருத்துவ விடுப்பு கொடுத்துவிட்டார். திரும்பி வரும்போது சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்றும் போட்டிருந்தார்.

இன்னொரு சிக்கல் மரியாதை. எங்கள் ஊர்க்காரர்கள் எடுத்ததும் விஷயத்துக்கு வர மாட்டார்கள். பொருளின் பெயர் என்று கேட்டிருக்கும் கட்டத்தில், "மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கமுங்க, நலமறிய ஆவல், நமது ஸ்டோருக்கு இரண்டு பூட்டு" என்று எழுதினார்கள். போன் திரையில் வணக்கம் மட்டும் தெரியும், பூட்டு தெரியாது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இது என்ன கம்பெனியா, கல்யாணப் பத்திரிகையா அம்மணி? சுருக்கமா எழுதச் சொல்லுங்க" என்றார்.

சொன்னால் கேட்பவர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்தக் கட்டத்தில் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் ஏறாதபடி செய்துவிட்டேன். பூட்டு, நட்டு, போல்ட்டு, பேனா எதுவானாலும் பன்னிரண்டு எழுத்துத் தாராளம் என்று கணக்குப் போட்டேன். நான் கவனிக்காதது என்னவென்றால், அந்த மிஷினுக்குப் புள்ளி தனி எழுத்து, கொம்பு தனி எழுத்து, கால் தனி எழுத்து, நடுவில் விடும் இடைவெளியும் ஓர் எழுத்து. கணக்குப் பிரிவிலிருந்து சுழல் நாற்காலி கேட்டார்கள். "சுழல் நாற்கா" என்று போய்ச் சேர்ந்தது. அதிகமானதை மிஷின் சத்தமில்லாமல் வெட்டிவிடும். வெட்டினேன் என்று சொல்லவும் சொல்லாது.

இதெல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமைதான் வாட்ச்மேன் அண்ணன் என் மேஜைக்கு வந்தார்.

அவர் அறுபதை நெருங்குகிறவர். மிடுக்கான ஆள். மீசையை முறுக்கிக்கொண்டு கேட்டில் நின்றால் லாரிக்காரர்கள் தானாகவே ஹாரனை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. முகம் முழுக்க வீங்கி, ஒரு கண் மூடிப்போய், மீசை மட்டும் பழைய இடத்தில் இருந்தது. கேண்டீன் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் பழைய பைப் போன ஓட்டை ஒன்று உண்டு. அதற்குள் தேனீ கூடு கட்டியிருந்தது யாருக்கும் தெரியாது. அவர் அதற்கு நேர் கீழே நின்று, பின்னோக்கி வரும் லாரிக்காக முழு மூச்சோடு விசில் ஊதியிருக்கிறார். தேனீக்களுக்கு அது பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு நேரே என்னிடம் வந்திருந்தார்.

"ஏனுங்க அம்மணி, அந்தக் கூட்டை எடுக்கச் சொல்லி உங்க மிஷின்ல போட்டு உடுங்க."

"இப்பவே போடறேனுங்கண்ணா. உக்காருங்க."

உட்கார்ந்தால் எங்கோ வலிக்கும் போலிருக்கிறது, நின்றுகொண்டே இருந்தார். விடுப்புப் படிவமா, தேவைப் படிவமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். தேனீக்கு விடுப்புக் கொடுத்தால் அது திரும்பி வந்துவிடும். அதனால் தேவைப் படிவத்தைத் திறந்து, பொருளின் பெயர் என்ற இடத்தில் "தேனீக் கூடு அகற்ற" என்று தட்டினேன். அடுத்த கட்டம் எண்ணிக்கை. அதை நிரப்பாமல் படிவம் நகராது.

"எத்தனைங்கண்ணா?"

"பன்னெண்டுங்க" என்றார்.

பன்னிரண்டு கூடா என்று எனக்குத் திக்கென்றது. ஆனால் போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை. பன்னிரண்டு என்றே போட்டேன். இடம்: கேண்டீன் ஜன்னல். எப்போது: உடனே. அவசரம் என்ற சிவப்புக் கட்டத்திலும் ஒரு டிக் அடித்தேன்.

அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவசரம் என்று போட்டால், யார் அப்ரூவல் கொடுக்க வேண்டுமோ அவருடைய போனில் போலீஸ் சைரன் அடிக்கும். பச்சைப் பொத்தானை அமுக்கும்வரை நிற்காது. அந்தச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தவளும் நான்தான். பட்டியலில் குயில் கூவுகிற சத்தமும் இருந்தது. குயிலுக்கெல்லாம் எங்கள் பொது மேலாளர் அசைய மாட்டார் என்று சைரனை வைத்தேன்.

அரை மணி நேரத்தில் எல்லாம் பச்சையாகிவிட்டது. விண்ணப்பித்தவள் என்பதால் என் பெயருக்கு நேராக முதல் டிக். பிறகு பொது மேலாளர். பிறகு முதலாளி. சுழல் நாற்காலி நாலு வாரமாக நடுவழியில் நிற்கும்போது, தேனீக்கூடு அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்ததைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "நெம்ப சந்தோசமுங்க" என்றார்.

பாதையில் கடைசியாக இருந்தவர் எங்கள் கொள்முதல் அதிகாரி. இந்த மனிதரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. தினமும் காலையில் மாதா கோயில் பூசை கண்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவார். கம்பெனி பேனாவில் சொந்தக் கையெழுத்துகூடப் போட மாட்டார். மேலே இருந்து அப்ரூவல் இல்லாமல் ஒரு ஆணியும் வாங்க மாட்டார், அப்ரூவல் வந்துவிட்டால் ஏன் என்று கேட்கவும் மாட்டார். என் மேஜையிலிருந்து மூன்றாவது மேஜை அவருடையது. ஆனால் சாஃப்ட்வேர் வந்த நாளிலிருந்து எது கேட்டாலும் அதன் வழியாகத்தான் கேட்பார். வாயால் கேட்டால் பதிவு இருக்காது என்பார்.

மறுநாள் அவரிடமிருந்து என் திரைக்கு ஒரு கேள்வி வந்தது. "தேனீக் கூடு தொடர்பாக: எந்த வகை?"

கூட்டை எடுக்க ஆள் தேடுகிறார், என்ன தேனீ என்று தெரிந்தால்தான் ஆள் வருவான் என்று நான் நினைத்துக்கொண்டேன். தேனீயில் என்னென்ன வகை என்று எனக்கு எங்கே தெரியும்? வாட்ச்மேன் அண்ணனின் முகத்தை மனதில் வைத்து, "கொட்டும் வகை. மிக நன்றாகக் கொட்டும்" என்று பதில் எழுதினேன். மூன்றாவது மேஜையில் அவர் அதைப் படித்துத் தலையாட்டிக் குறித்துக்கொண்டதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, முதல் டீ முடிந்த நேரம். கேட்டிலிருந்து விசில் சத்தம் கேட்டது. இப்போதெல்லாம் அவர் விசில் ஊதுவதே இல்லையே என்று வெளியே ஓடினேன். குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சின்னச் சரக்கு வண்டி ஒன்று கேட்டில் நின்றது. பின்னால் ஈரச் சாக்குப் போட்டு மூடிய மரப்பெட்டிகள். வண்டிக்குள்ளிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு, இறங்கி நின்றார்.

வாட்ச்மேன் அண்ணன் செக்யூரிட்டி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, இந்தக் கம்பெனிதானுங்களா? அந்தியூர்ப் பக்கமிருந்து வாரேன்" என்றார் அந்த அம்மா. "பன்னெண்டு பொட்டி கேட்டிருந்தாங்க. வெயில் ஏறுனா பூச்சி தாங்காது, நெழல்ல எறக்கோணும்."

"என்ன பூச்சிங்க?"

"தேனீதானுங்க. வேறென்ன கேட்டீங்க?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இருவது வருசமா பொட்டி விக்கிறனுங்க. எல்லாரும் கொட்டாததாப் பாத்துக் குடுங்கன்னுதான் கேப்பாங்க. நல்லாக் கொட்டறதா வேணும்னு உங்க சார் ஒருத்தருதான் கேட்டாரு. எதுக்குங்க கண்ணு? திருட்டு பயமா?"

உள்ளே ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் அந்த விண்ணப்பத்தைத் திறந்தேன். பொருளின் பெயர்: தேனீக் கூடு. அவ்வளவுதான். த, கொம்பு, ன, சுழி, க, புள்ளி, இடைவெளி, க, அதன் சுழி, ட, அதன் சுழி, இன்னோர் இடைவெளி. விரல் விட்டு எண்ணினேன். பன்னிரண்டு. "அகற்ற" என்ற சொல்லை மிஷின் வெட்டியிருந்தது. மூன்று பெரிய மனிதர்கள் கேண்டீன் ஜன்னலுக்குப் பன்னிரண்டு தேனீக்கூடு உடனே வேண்டும் என்று கேட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்கியிருந்தார்கள். கொட்டுகிற வகை என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

நான் திரும்பி வருவதற்குள் வாசலில் பாதிக் கம்பெனி கூடிவிட்டது. கொள்முதல் அதிகாரி ஆர்டர் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "கேண்டீன் ஜன்னல்னுதான் இருக்குதுங்க. அங்கதான் எறக்கோணும்" என்று வழிகாட்டிக்கொண்டிருந்தார். கேண்டீன்காரர் கரண்டியோடு ஜன்னலை மறித்துக்கொண்டு நின்றார்.

அப்போது பொது மேலாளர் வந்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. என்ன நடக்கிறது என்று தெரியாத இடத்தில் முதலில் பாராட்டிவிடுவார்.

"வந்துருச்சா? வெரிகுட். சுற்றுச்சூழல்! நாந்தான் ரொம்ப நாளாச் சொல்லிட்டிருந்தேன்" என்றார்.

அவர் பின்னாலேயே முதலாளியின் கார் உள்ளே வந்தது. முதலாளி இறங்கினார். வண்டியைப் பார்த்தார். ஒரு பெட்டிக்குள்ளிருந்து வந்த இரைச்சலைக் கேட்டு இரண்டு அடி பின்னால் வைத்தார்.

"இதை ஆருங்க வரச் சொன்னது?"

பொது மேலாளர் மரத்தைப் பார்த்தார்.

"கேக்கறேனில்ல? ஆரு அப்ரூவல் குடுத்தது?"

கொள்முதல் அதிகாரி பணிவாகத் தன் போனை நீட்டினார். "நீங்கதானுங்க சார்."

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வரிசையாக நான்கு பச்சை டிக். மூன்றாவது அவருடையது. மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"நான் எதுக்குங்க அப்ரூவல் குடுத்தேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அது தெரீலீங்க சார். திங்கக்கெழமை பத்தேகாலுக்குக் குடுத்திருக்கீங்க."

"திங்கக்கெழமை..." முதலாளி யோசித்தார். "சென்னிமலையில ஒரு கல்யாணத்துல இருந்தேன். தாலி கட்டற நேரத்துல சைரன் அடிச்சுதுங்க. மாப்பிள்ளையே திரும்பிப் பாத்துட்டாரு. எப்படியாவது சத்தம் நின்னாப் போதும்னு அமுக்குனேன். மேலாளர் பாத்துத்தானே அனுப்பியிருப்பாருன்னு..."

எல்லோரும் பொது மேலாளரைப் பார்த்தோம். "நான் பல் டாக்டர்கிட்ட வாயைத் தொறந்துட்டு இருந்தேனுங்க" என்றார் அவர். "டாக்டர்தான் அமுக்குனாரு."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று முன்னால் வந்தேன்.

"சார், தப்பு என்மேலதானுங்க. 'அகற்ற'ங்கறது விட்டுப்போச்சுங்க."

"எங்க விட்டுப்போச்சு?"

"பன்னெண்டு எழுத்துக்கு மேல ஏறாதுங்க சார். நாந்தான் அப்படி வச்சேன். நீங்க சுருக்கமா எழுதச் சொன்னீங்களேன்னு..."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் செக்யூரிட்டி அறைக் கண்ணாடி கொஞ்சமாகத் திறந்தது. "சார், நான் ஒரு கூட்டை எடுக்கச் சொன்னேனுங்க. இப்ப ஒட்டுக்காப் பதிமூணு ஆயிருச்சுங்க!"

"ஒண்ணா?" நான் திரும்பினேன். "பன்னெண்டுன்னு நீங்கதானேங்கண்ணா சொன்னீங்க?"

"அது கொட்டுன கணக்குங்க அம்மணி! எத்தனைன்னு கேட்டீங்க, எண்ணிச் சொன்னேன்."

முதலாளிக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தமே வராமல் சிரித்தார். பிறகு நிற்க முடியாமல் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பெட்டி இரைந்ததும் கையை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்று சிரித்தார். அவர் சிரித்ததால் பொது மேலாளர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம், கொள்முதல் அதிகாரியைத் தவிர. அவர் ஆர்டரைப் பார்த்துக்கொண்டே, "சார், வாங்குன பொருளைத் திருப்பி அனுப்பறதுக்கு நம்மகிட்ட படிவமே இல்லீங்க" என்றார். "வேணும்னா பொட்டிங்களுக்கு லீவு போட்டு அனுப்பலாமுங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

தேனீக்கார அம்மா இதையெல்லாம் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள பூச்சி செத்துப்போகுமுங்க. இன்னைக்கு மறுக்கா வண்டியில ஏத்த முடியாது. பொடக்காளியில மரம் இருக்குதுங்களா?" என்றார்.

கம்பெனிக்குப் பின்னால் தென்னை மரங்கள் நிற்கும் காலி இடம் இருந்தது. பன்னிரண்டு பெட்டியும் அங்கே இறங்கின. தூக்குவதற்கு யாரும் முன்வரவில்லை. அந்த அம்மாவும், டிரைவரும், வேறு வழியில்லாமல் நானும்தான் தூக்கினோம். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் நடந்ததில்லை. ஒவ்வொரு பெட்டியும் உள்ளுக்குள் முனகிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாவது பெட்டியைத் தூக்கும்போது எனக்குப் பயம் போயிருந்தது, இடுப்பும் போயிருந்தது.

"அந்தப் பழைய கூடு எங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

ஜன்னல் ஓட்டையைக் காட்டினேன். தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை காட்டினார். ஓட்டையைச் சுற்றிக் காரையைக் கொஞ்சம் உடைத்தார். கையுறைகூடப் போடாமல் உள்ளே கைவிட்டு, தேன் தட்டுகளை ஒவ்வொன்றாக அலுங்காமல் எடுத்து, வண்டியில் கிடந்த வெறும் பெட்டி ஒன்றில் நூல் கட்டித் தொங்கவிட்டார். என்னை மூடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். என் மணிக்கட்டில் ஒரு தேனீ ஏறி, வளையல்வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது. மூச்சே விடாமல் நின்றேன். ராணித் தேனீ பெட்டிக்குள் போனதும் மற்றவையெல்லாம் தாமாகவே வரிசையாக உள்ளே போயின. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"இதுக்கு எத்தனை பேரு ஒத்துக்கோணுமுங்க கண்ணு?" என்று கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"மூணு பேருங்க."

"எங்க ஊட்டுல நானேதான்" என்றார். கேண்டீன்காரர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று போனேன். பொள்ளாச்சியில் அவர் மச்சானுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது, பத்துப் பெட்டி அங்கே போகட்டும் என்றார். மூன்று இங்கேயே இருக்கட்டும். "அனுப்பறதுக்கு ஒரு படிவம் போடுங்க அம்மணி. எழுத்துக் கணக்கு வேண்டாம். அந்தச் சைரனையும் எடுத்துப்போடுங்க." குயிலை வைத்தேன். நான் நினைத்தபடியே குயிலுக்குப் பொது மேலாளர் அசையவில்லை. பத்துப் பெட்டிகளும் பொள்ளாச்சிக்குப் போக மூன்று வாரம் ஆனது.

அதற்குள் கொள்முதல் அதிகாரி கம்பெனிச் சொத்து எதுவானாலும் எண் ஒட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, கொசுவலையைத் தலையில் போட்டுக்கொண்டு போய் எல்லாப் பெட்டியிலும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்தார். பதின்மூன்றாவது பெட்டிக்கு ஆர்டர் இல்லை என்று மட்டும் ஒட்டவில்லை. வாட்ச்மேன் அண்ணன் அதன் பக்கம் போகவே மாட்டேன் என்றார். ஆனால் முதல் தடவை தேன் எடுத்து ஆளுக்கு ஒரு சின்னப் பாட்டில் கொடுத்தபோது, மூன்றாம் ஆளாக வரிசையில் நின்றார்.

இதோடு முடிந்தது என்றிருந்தேன். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் விடவில்லை. கேட்ட பொருள் நான்கு நாளில் வந்து சேர்ந்தது அவர்கள் கணினியில் எப்படியோ தெரிந்துவிட்டது. வேறு எந்தக் கம்பெனியிலும் எதுவும் அவ்வளவு வேகமாக வந்ததில்லையாம். அவிநாசி சாலையில் ஒரு பெரிய ஓட்டலில் அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்காகக் கூட்டம் போட்டு, என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். என்ன பொருள் என்று அவர்கள் கேட்கவில்லை. மேடையில் ஏறி நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பயிற்சிக்காரரின் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தது. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் தட்டோடு என் பக்கம் வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல பெரிய ஆள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க சொன்னதைக் கேட்டதுல மனசுக்கு ஆறுதலா இருந்துச்சுங்க. எங்க மில்லுல அஞ்சு குதிரைத்திறன் மோட்டார் ஒண்ணு கேட்டாங்க. போன்ல 'அஞ்சு குதிரை'ன்னு மட்டும்தான் தெரிஞ்சுது. நானும் அமுக்கிப்போட்டேன்."

"ஐயையோ. வாங்கிப்போட்டீங்களா?"

"இல்லீங்க. எங்க பர்ச்சேஸ்காரரு அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கே போயிட்டாருங்க. அங்கிருந்து எனக்குப் போன் பண்ணி, அஞ்சும் வெள்ளையா வேணுமா, இல்லை ரெண்டு செவலை கலந்துக்கலாமான்னு கேட்டாரு. அப்பத்தான் தெரிஞ்சுது."

"என்னங்க சொன்னீங்க?"

"பக்கத்துல பொண்டாட்டி இருந்தா. எதுவும் வேண்டாம், பஸ் ஏறி வாங்கன்னேன்" என்றார். பிறகு தட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "அந்த எழுத்துக் கணக்கை எங்க போயி மாத்தறதுன்னு கொஞ்சம் காட்டுறீங்களா?" என்று கேட்டார். ஐஸ்கிரீம் வரிசையில் நின்றபடியே அவர் போனை வாங்கி மாற்றிக் கொடுத்தேன்.